முதல் சாவு

செத்தவன் கண்ணைத் திறக்கக் கூடாது என்று ஏகாம்பரம் மாஸ்டர் ஒத்திகைக்கு ஒத்திகை சொல்லியிருந்தார். ஆனால் சம்பங்கிக்கு இடது கண் சரியாக மூடவில்லை. மணல் ஒட்டிய இமைகளுக்கு நடுவே ஒரு கீற்று திறந்தே கிடந்தது, அந்தக் கீற்றுக்குள் லத்தீப் பாயின் கால்கள் தெரிந்தன. நின்றுகொண்டிருந்தன. நிற்கக் கூடாத கால்கள் அவை. இந்நேரம் அவைதான் பாலாற்று மணலில் நீட்டிக் கிடந்திருக்க வேண்டும், சம்பங்கியின் கால்கள்தான் அங்கே நின்றிருக்க வேண்டும், எல்லாம் தலைகீழாகிவிட்டது, ஆக்கியது வேறு யாருமில்லை, இதோ வாயில் மணலோடு கவிழ்ந்து கிடக்கிற இந்த மகாவீரர்தான். முதல் வேட்டு வெடித்ததும் விழுந்துவிட்டார். நடித்து விழவில்லை, விழுந்தே விட்டார். காதுக்குள் ஏதோ கிழிந்தது, முட்டி இரண்டும் சொல்பேச்சு கேட்காமல் மடங்கின, அவ்வளவுதான் நினைவு இருக்கிறது, அடுத்தது மூக்கில் மணல். சுகந்தி டீச்சர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. "நெற்றியில் பொட்டு வைக்காதே, காதில் கடுக்கன் போடாதே, தாடியை மழி, தோல் வைத்த தொப்பியை மாட்டு என்று உத்தரவிட்ட கும்பெனிக்கு எதிராக ஆயிரத்து எண்ணூற்று ஆறில் வேலூர்க் கோட்டையில் எழுந்த நம் சிப்பாய்கள், இதோ, ஆற்காட்டிலிருந்து வந்துவிட்டது குதிரைப்படை..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர், ஒரு மூச்சு விட்டு, குரலைத் தாழ்த்தி, "முதல் சிப்பாய் மண்ணில் சாய்ந்தான்" என்றார். பறை ஒரே ஒரு அடி. பிறகு அந்த அமைதி. பிறகு கைதட்டல், கரையெல்லாம் கைதட்டல், யாரோ விசில் வேறு அடித்தான். பாய்க்கு வர வேண்டிய கைதட்டல் அது. சம்பங்கி முதுகில் வாங்கிக்கொண்டு கிடந்தார்.

யாருக்கும் தெரியாது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். புதுசாகச் சேர்ந்த ஆள், அவசரப்பட்டுவிட்டான், ஆனால் நன்றாக விழுந்தான், அவ்வளவுதான் நினைப்பார்கள். யாருக்கும் தெரியாது. பாய்க்குத் தெரியும். தோளோடு தோள் ஒட்டி நின்றவர், இவர் உடம்பு நடுங்கியது அவர் தோளுக்குத் தெரியாமலா போயிருக்கும். இந்தக் கோட்டைச் சண்டையை நடித்துக் காட்டுகிற சங்கத்தில் சாவு பிரிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் கடைசி ஒத்திகையன்று சாயங்காலம் டீயும் மசால்வடையும் முடிந்ததும் மாஸ்டர் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து இன்னாருக்கு இந்தச் சாவு என்று பிரித்துக் கொடுப்பார். பெரிய ரகளையாக இருக்கும். எனக்கு மதில் மேல சாவு குடு மாஸ்டர், போன வருசமும் கூட்டத்தோட கூட்டமா சாவ வச்சிட்டீங்க, எம் பொண்டாட்டியே என்னைக் கண்டுபிடிக்கல என்று ஒருவன் சண்டை பிடிப்பான். இன்னொருவனுக்குச் சாகும்போது வசனம் வேண்டும். ஆனால் முதல் சாவுக்கு மட்டும் யாரும் வாயைத் திறந்ததில்லை. மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "முதல் சாவு பாய்க்கு" என்றுவிட்டு மேலே போவார். வேலூர் சைதாப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த லத்தீப் பாய்க்கு இழுப்பு, டவுன் பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கக்கூட மூச்சு போதாது, ஓடி ஆடி மதில் வரைக்கும் போக முடியாது, அது ஒரு காரணம். ஆனால் அதற்காக மட்டும் கொடுக்கவில்லை. பாய் விழுவதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். முதலில் முட்டி, அப்புறம் முழங்கை, அப்புறம் தோள், கடைசியில் தலைப்பாகை கலையாமல் தலை. விழுகிறபோதே துப்பாக்கி கையை விட்டு விலகித் தனியாகப் போய் விழும், அடியில் மாட்டிக்கொண்டால் விலா எலும்பு போய்விடும் என்று சம்பங்கிக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். நேற்று டீக்கடையில், "எம் மவன் சவுதி தம்மாம்லருந்து வந்திருக்கான் சார், நான் சாவுறத ஒரு தபாவாவது நேர்ல பாக்கணும்னு லீவு போட்டுக்கினு வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இழுப்புக்கு வைத்திருக்கிற நீலக் குப்பியை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த மகன் இப்போது கரையில் எங்கோ செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த போனுக்குள் சம்பங்கி விழுந்திருக்கிறார்.

வேட்டு என்றால் இப்படி இருக்கும் என்று யார் சொன்னார்கள். ஒத்திகையில் எல்லாம் வாயாலேயே டுமீல் என்றுதான் கத்தினார்கள், மாஸ்டர் கத்துவார், குதிரைக்காரன் கத்துவான், சில சமயம் சுகந்தி டீச்சரே மைக்கில்லாமல் டுமீல் என்பார், அதற்குக் கம்பீரமாக நின்றார் சம்பங்கி, அசையாமல் நின்றார், அதற்கு அசைய என்ன இருக்கிறது. இன்றைக்குத்தான் கோயில் திருவிழாவுக்கு அதிர்வேட்டுப் போடுகிற ஆளைக் கூட்டி வந்து, இரும்புக் குழாய்களை மணலில் புதைத்து வைத்திருந்தார்கள். காலையில் அந்தக் குழாய்களைப் பார்த்ததுமே இரண்டடி பின்னால் போய் நின்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். மாஸ்டர் சேர்க்கும்போது கேட்கவே கேட்டார், "வேட்டுச் சத்தம் ஒத்துக்குமா சார் உங்களுக்கு? சில பேருக்கு ஒத்துக்காது, அதுல ஒண்ணும் தப்பில்ல, தண்ணி குடுக்கிற வேலை இருக்குது, பறை புடிக்கிற வேலை இருக்குது." அதற்கு இவர், "இன்னா மாஸ்டர், முப்பது வருசம் பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு இருந்தவன் நானு, நம்மாண்ட போய் சத்தத்த பத்திக் கேக்கறீங்களே" என்றார். என்ன ஒரு பேச்சு. பஸ் ஸ்டாண்டு சத்தமும் இதுவும் ஒன்றா. ஹாரன் வருவதைச் சொல்லிக்கொண்டு வரும். வேட்டு சொல்லாது, திரி புகைந்துகொண்டே இருக்கும், இப்போதா இப்போதா என்று காத்திருக்க வைக்கும், சரி நமுத்துப்போய்விட்டது என்று தோள் தளர்கிற நேரம் பார்த்து வெடிக்கும். தீபாவளிக்குத் தீபாவளி சம்பங்கிக்கு எண்ணெய்க் குளியல் விடிய விடிய நடக்கும். தண்ணீர் ஆறிப்போய் உடம்பு வெடவெடத்தாலும் குளியலறைக் கதவைத் திறக்க மாட்டார், காதில் பஞ்சு, கையில் செம்பு, வெளியே மனைவி கஸ்தூரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரவெடியைப் பற்றவைப்பாள், மகள் பிரமீளா கதவைத் தட்டி, "நைனா, வா நைனா, ராக்கெட்டு விடப் போறோம்" என்பாள். "வரேன், முதுகு தேய்ச்சுக்கினு இருக்கேன்" என்பார். எந்த வருஷத்திலிருந்து அவள் கதவைத் தட்டுவதை நிறுத்தினாள் என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. ஒரு வருஷம் தட்டினாள், அடுத்த ஏதோ ஒரு வருஷம் தட்டவில்லை. கேலியாகக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

எறும்பு. கழுத்துக்குப் பின்னால் ஒன்று, காதை நோக்கி. செத்தவனுக்கு எறும்பு கடித்தாலும் செத்தவன் செத்தவன்தான், அது மாஸ்டரின் இன்னொரு சட்டம். எறும்பு போகட்டும், அந்த ஜாங்கியாதான் மானத்தை வாங்குகிறது. சிவப்புக் கோட்டு சரி, கும்பெனிச் சிப்பாய் கால்சட்டை போடவில்லை, தொடை வரைக்கும் ஒரு வெள்ளை ஜாங்கியாதான் என்று எங்கிருந்தோ பழைய படத்தைப் பார்த்துத் தைத்துவிட்டார்கள், விழுந்த வேகத்தில் அது இன்னும் மேலே சுருட்டிக்கொண்டு போய்விட்டது. கரையில் பிரமீளாவின் ஆபீஸ் சிநேகிதிகள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பஸ் ஸ்டாண்டு நேரக் காப்பாளரின் சொங்கித் தொடையைப் பெங்களூரிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இழுத்துவிட முடியாது. காலைக் கொஞ்சம் அசைத்தால் இறங்குமா, அசைத்தால் இன்னும் ஏறினால் என்ன செய்வது. பாலாற்றங்கரையில் நடக்கப் போனவர் நடந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதானே. சிவப்புக் கோட்டு போட்ட ஆட்கள் தண்ணீர் இல்லாத ஆற்றில் வரிசையாக நிற்பதைப் பார்த்து என்னவோ என்று இறங்கிப் போனார், அன்றைக்கு ஒரு ஆள் வரவில்லை, வரிசையில் ஒரு இடம் ஓட்டையாக இருந்தது, "சார், சும்மா நில்லுங்க, இடம் ரொம்பட்டும்" என்று மரத்துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு தோள், அந்தப் பக்கம் பாயின் தோள். முப்பது வருஷமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து திருவண்ணாமலை திருவண்ணாமலை, பெங்களூர் பெங்களூர் என்று மற்றவர்களை ஏற்றி அனுப்பி வைத்தவருக்கு, தன்னை யாரோ ஒரு வண்டியில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்று நேராகச் சொன்னால் என்ன குறைந்துவிடும், சந்தோஷமாகத்தான் இருந்தது. தலைப்பாகையும் மீசையுமாக எடுத்த போட்டோவைப் பிரமீளா தன் போனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். 'எங்க நைனா.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள், அதை எத்தனை தடவை திறந்து பார்த்தார் என்பது கஸ்தூரிக்கு மட்டும் தெரியும். சாவு பிரித்த அன்று ராத்திரி போனில் கேட்டாள், "உனுக்கு எந்தச் சாவு நைனா?" "கடைசிச் சாவு. மதிலாண்ட." "அப்ப கடைசி வரைக்கும் நிப்பியா?" அந்தக் கேள்வியில் ஒரு சின்ன ஆச்சரியம் இருந்தது. கற்பனையில்லை, அவருக்குக் கேட்டது. "கடைசி வரைக்கும் நிப்பேன்" என்றார். "அப்ப நான் லீவு போட்டுட்டு வரேன்" என்றாள். வந்துவிட்டாள். ஆட்டம் தொடங்கி, வாயில் இருந்த பாக்கைத் துப்புவதற்குள் நைனா செத்துவிட்டார்.

பாயின் கால்கள் நகர்ந்தன. இவர் விழுந்த ஓட்டையை அடைக்க நகர்ந்தன. வரிசையில் இடைவெளி விடக் கூடாது, பக்கத்தில் நிற்பவன் ஒருவன் விழுந்தால் அடுத்தவன் அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும், அந்த இடத்துக்கு என்ன வேலையோ அதையும் செய்ய வேண்டும். சம்பங்கியின் இடத்துக்கு வேலை, மதில் வரைக்கும் ஓடுவது, திரும்பி வருவது, மறுபடி ஓடுவது, மூங்கில் தட்டியில் சாக்கை அடித்துக் காவி பூசிய அந்தக் கோட்டை மதிலுக்கு முன்னால் முட்டி போட்டு முட்டி போட்டு எழுந்திருப்பது. பாய் அதைச் செய்யப் போகிறார். முதலிலேயே செத்து நிம்மதியாகப் படுத்துக் கிடக்க வேண்டிய மனுஷர். பாய், நீங்க இப்பவே விழுந்துடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க என்று சம்பங்கி மனசுக்குள் கத்தினார். பாய் விழவில்லை. விழ முடியாது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் செத்தால் வரிசை பல்லு போன வாய் மாதிரி ஆகிவிடும், மாஸ்டர் அதற்கென்று தனியாக ஒரு திட்டு வைத்திருக்கிறார். குதிரைப்படை வந்தது. குதிரைப்படை என்பது கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற ஒற்றை வெள்ளைக் குதிரையும், மூஞ்சியில் பவுடர் அப்பிய கல்லூரிப் பையன்களும்தான், ஆனாலும் மணலில் குளம்பு விழுகிற அதிர்வு கன்னத்தில் தெரிந்தது. பாய் ஓடினார். கீற்றுக்குள்ளிருந்து போய், மறுபடி கீற்றுக்குள் வந்தார். மூச்சு கேட்டது. இத்தனை கூச்சலுக்கு நடுவே அந்த ஒரு மூச்சு மட்டும் எப்படிக் கேட்கும், பிரமையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார், இல்லை, கேட்டது, ஓட்டை ட்யூபிலிருந்து காற்றுப் போகிற மாதிரி ஒரு சன்னமான சத்தம். எழுந்து போய்விடலாமா. எழுந்து போய், பாய் நீங்க போய்ப் படுங்க, என் இடத்தை நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிடலாமா. ஆயிரம் பேருக்கு முன்னால் செத்தவன் எழுந்தால் என்ன ஆகும். ஏன் எழுந்தான் என்று கேட்பார்கள். ஏன் விழுந்தான் என்றும் கேட்பார்கள். கைதட்டினவர்கள் எல்லாம் ஓகோ அப்படியா என்பார்கள், பிரமீளா ஒன்றும் சொல்ல மாட்டாள், கதவைத் தட்டாத அதே முகத்தோடு காரில் பின்சீட்டில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப்போவாள். கொஞ்ச நேரம்தானே. பாய் சமாளித்துவிடுவார். இழுப்புக்காரர்களுக்கு இழுப்போடு பழக்கம் இருக்கும். எவ்வளவு கேவலமாக யோசிக்கிறது இந்த மண்டை என்று பார்த்துக்கொண்டே, அதே மண்டையை மணலில் அழுத்திக்கொண்டு கிடந்தார். வெயில் ஏறிவிட்டது. வேலூர் வெயிலுக்குச் செத்தவன் உயிரோடிருக்கிறவன் என்ற பேதமெல்லாம் கிடையாது.

இரண்டாவது வேட்டு வெடித்தது. படுத்திருந்த இடத்திலேயே ஒரு துள்ளுத் துள்ளினார், நல்லவேளை அங்கங்கே நாலைந்து பேர் விழுந்ததில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அடுத்து மூன்றாவது. துள்ளி அடங்கிக் கண்ணைத் திறந்தபோது மதிலுக்கு முன்னால் பாய் விழுந்துகொண்டிருந்தார். முட்டி இல்லை. முழங்கை இல்லை. அப்படியே, கயிறு அறுந்த மூட்டை மாதிரி, முகம் முன்னால் போக விழுந்தார், துப்பாக்கி அடியில் மாட்டிக்கொண்டது, தலைப்பாகை உருண்டு தனியே போனது. கரை முழுக்கக் கைதட்டியது. சம்பங்கி தட்டவில்லை. சம்பங்கிக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும், நிஜமாக விழுவது எப்படி இருக்கும் என்று, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே உடம்பால் விழுந்தவர் அவர். பாய் அப்படி விழுகிற ஆளில்லை. பாய் துப்பாக்கி மேல் விழ மாட்டார். மகன் போனில் எடுத்துக்கொண்டிருக்கிறான், அப்பாவின் சாவு பிரமாதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான், ஐயோ, நடிப்பு என்று நினைத்து எடுத்துக்கொண்டே இருக்கிறான். எழுந்திரு. எழுந்திருக்கவில்லை. ஒருவேளை நடிப்பாக இருந்தால். எழுந்திருடா. எழுந்த பிறகு நடிப்பென்று தெரிந்தால். பாயின் கையைப் பார்த்தார், அது அசையவில்லை, செத்தவன் கை அசையாதுதான், எப்படித் தெரிந்துகொள்வது, உயிரோடு இருப்பவனும் அசைய மாட்டான் செத்தவனும் அசைய மாட்டான் என்று ஒரு விளையாட்டை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான். முட்டி முதலில் எழுந்தது. அவர் சொல்லி எழுந்ததா என்று தெரியவில்லை. ஜாங்கியா தொடையில் சுருண்டபடி, கன்னத்தில் மணலோடு, முதல் சிப்பாய் எழுந்து ஓடினார். ஒரு கணம் கரை திகைத்தது. அப்புறம் யாரோ, "டேய், பொணம் எழுந்து ஓடுது பார்ரா!" என்று கத்தினான், மொத்தக் கூட்டமும் வெடித்துச் சிரித்தது. அதற்கு முன்னால் வேட்டு எல்லாம் ஒன்றுமே இல்லை. குதிரை மிரண்டது. மைக்கில் சுகந்தி டீச்சர், "முதல் சிப்பாய்..." என்று எதையோ தொடங்கி, மேலே சொல்ல வராமல் நிறுத்தினார். அந்தச் சிரிப்புக்குள் பிரமீளாவின் சிரிப்பும் இருந்தது, அது எத்தனை பேர் நடுவிலும் தனியாகக் கேட்கும், சின்ன வயதிலிருந்தே விக்கல் மாதிரிச் சிரிப்பவள். முகம் கொதிக்க, மணலில் கால் புதையப் புதைய ஓடினார்.

"பாய், பாய்" என்று பக்கத்தில் மண்டியிட்டுத் தோளைப் பிடித்துப் புரட்டினார். கோட்டுப் பையில் கையை விட்டுத் துழாவினார். "மருந்து எங்க பாய், அந்த நீலக் குப்பி எங்க?" பாயின் ஒரு கண் திறந்தது. மூச்சு இழுத்துக்கொண்டுதான் இருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. "சார், இன்னா பண்றீங்க?" என்றார், உதடு அசையாமல். "இழுப்பா பாய்?" "இழுப்பு எப்பவும் இருக்கறதுதான், மருந்து காலையிலயே அடிச்சுக்கினுதான் வந்தேன். நான் செத்துக்கினு இருக்கேன் சார், கெடுக்காதீங்க." சம்பங்கிக்குக் கை அப்படியே நின்றது. "நீங்க முட்டி போடலியே பாய். துப்பாக்கி மேலயே விழுந்தீங்களே." "நீங்க விழுந்த மாதிரி விழுந்து பாத்தேன்" என்றார் பாய். "இத்தினி வருசமா விழறேன், இந்த மாதிரி விழ எனக்குத் தோணுனதே இல்ல. நல்லா இருந்துச்சு சார் அது. விலாதான் வலிக்குது." சிரிப்பு இன்னும் ஓயவில்லை, அலை அலையாக வந்துகொண்டிருந்தது. சம்பங்கி இன்னும் கிட்டே குனிந்தார். "பாய், நான் நடிக்கல. பயந்துக்கினு விழுந்துட்டேன்." "தெரியும் சார். பக்கத்துல நின்னவனுக்குத் தெரியாதா." "உங்க மவன் பாக்க வந்ததக் கெடுத்துட்டேனே." "அவன் இப்பவும் எடுத்துக்கினுதான் இருக்கான். மறுபடியும் நீங்கதான் குறுக்க வந்துட்டீங்க." மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது, பாலாற்று மணலோ முழங்கால் அளவுக்குக்கூட இடம் தரவில்லை. எழுந்து போகவும் முடியாது, இப்படியே மண்டியிட்டிருக்கவும் முடியாது, தூரத்தில் மாஸ்டர் படுங்க படுங்க என்று இரண்டு கையாலும் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தார். "போவட்டும்" என்றார் பாய். "வந்தது வந்தீங்க, வெயிலு மூஞ்சிலயே அடிக்குது. அந்தாண்ட தள்ளிப் படுங்க." சம்பங்கி சுற்றிக்கொண்டு போய், வெயில் வருகிற பக்கமாக, ஒருக்களித்துப் படுத்தார். கரையில் பொணம் மறுபடி செத்ததற்கு இன்னொரு கைதட்டல் எழுந்தது. அவருடைய தோளின் நிழல் பாயின் முகத்தில் விழுந்தது, நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் சரியாக மூடியது, பாய் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் புதைத்த குழாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இப்போதா. இப்போதா. வெடித்தது. சம்பங்கி துள்ளினார், நிழல் விலகி வெயில் பாயின் கண்ணில் பட்டது. "ஆடாதீங்க சார்" என்றார் பாய், "வெயிலு அடிக்குது." இன்னும் ஒரு குழாய் பாக்கி இருந்தது. அதன் திரியும் புகைந்தது. கரையில் பிரமீளா சிரித்துக்கொண்டிருக்கிறாளா நிறுத்திவிட்டாளா என்று காது தேடியது, ஒன்றும் தெரியவில்லை. முகம் இன்னும் கொதித்தது. வெடித்தது. உள்ளே குடல் நெஞ்சு எல்லாம் துள்ளி விழுந்தன, பல்லோடு பல் மோதியது. தோள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.